அய்யனார் இழுத்த அம்பாசடர்

ஊரிலிருந்து,
மாசி மாதம், வெயில் இப்போதே பங்குனி மாதிரி.

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு, உங்கள் தம்பி மகள் அனுசியா பணிவோடு எழுதுவது. பணிவு இந்த வரியோடு முடிகிறது. அதற்குப் பிறகு வருவதைப் படிக்கும்போது முழங்காலை அசைக்காமல் வைத்துக்கொள்ளவும். ஆபரேஷன் செய்த கால் கோபத்தில் உதறக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக உங்கள் மகன் பாண்டிராஜ் அண்ணன் சொன்னார்.

இங்கு அப்பாவும் அம்மாவும் நானும் உங்கள் அம்பாசடரும் நலம். அம்பாசடர் போன வாரம் வரை நலமில்லை; இப்போதுதான் நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் "வண்டி" என்று ஆரம்பித்தாலே நீங்கள் "வையி போனை" என்கிறீர்கள். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது. கோயம்புத்தூரில் படுத்தபடி படிக்கலாம், மதினியைக் கூப்பிட்டுத் திட்டலாம், ஆனால் நான் முடிக்கும்வரை நான்தான் பேசிக்கொண்டிருப்பேன்.

விஷயம் இதுதான். பத்து நாளைக்கு முன்னால் மூக்கம்மாள் அத்தை வீட்டு வளைகாப்புக்குக் கிளம்பினோம். ஊரைத் தாண்டிக் கண்மாய் முக்கு வந்தது. வண்டி தானாக இடப்பக்கம் இறங்கி அய்யனார் கோயில் மண்குதிரையின் முன்னங்காலை முறித்துவிட்டு நின்றது. யாருக்கும் அடி இல்லை. அம்மா மடியில் வைத்திருந்த புளியோதரைக்கு மட்டும்தான் சேதம். அன்று சாயங்காலமே நீங்கள் போனில் தீர்ப்புச் சொன்னீர்கள்: "இருளப்பன் குடிச்சிருப்பான். சாவியை வாங்கி வச்சிட்டு ஆளை அனுப்பிவிடுங்க. பங்குனிப் பொங்கலுக்கு அருப்புக்கோட்டையில ஒரு ஆக்டிங் டிரைவரைப் பிடிச்சுக்கலாம்." பெரியப்பா, நான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். இருளப்பசாமி அண்ணன் குடிப்பது டீ மட்டும்தான். அதுவும் நம் வீட்டில், பின்வாசலில், அவருக்கென்று கவிழ்த்து வைத்திருக்கும் தனி டம்ளரில். (அவரை நான் அண்ணன் என்று எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது. அதனால்தான் இன்னும் பல இடங்களில் எழுதப்போகிறேன்.) நடந்தது என்னவென்றால், அவர் வலது தோளைத் தேய்த்துவிட ஒரு நொடி கையை எடுத்தார். அவ்வளவுதான். ஒரு நொடி கையெடுத்தால் குதிரையின் காலை முறிக்கிற வண்டியைத்தான் அவர் இத்தனை காலம் நம்மை ஏற்றிக்கொண்டு நேராக ஓட்டியிருக்கிறார். அதற்குப் பரிசு வேலை நீக்கம்.

அந்த வண்டி ஏன் இடப்பக்கம் இழுக்கிறது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "அது சாமி காரு. அய்யனார் இழுக்காரு." நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து கேட்கும் கதை. நீங்களே ஓட்டிப்போன ஒரு மழைநாளில் வண்டி இடப்பக்கம் போய்ப் பாலத்துச் சுவரில் மோதி நின்றதும், பின்னால் மாட்டுவண்டியில் வந்தவர்கள் ஓடிவந்து "என்னய்யா ஆச்சு?" என்று கேட்டதும், நீங்கள் சட்டையில் இருந்த சேற்றைத் தட்டிக்கொண்டு "சாமி இழுத்தா நம்ம என்ன செய்ய முடியும்?" என்று சொன்னதும் ஊருக்கே மனப்பாடம். தனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதை இவ்வளவு கம்பீரமாக யாரும் சொன்னதில்லை. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு பங்குனிப் பொங்கலுக்கும் அந்தக் கூத்து. சீரியல் லைட்டும் மாலையும் போட்ட வண்டி கண்மாய் முக்குக்கு வரும். ஊரே கூடி நின்று "கையை விடு! கையை விடு!" என்று கத்தும். இருளப்பசாமி அண்ணன் ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்புவார். வண்டி தானாக இடப்பக்கம் இறங்கிக் கோயில் வாசலில் போய் நிற்கும். பெண்கள் குலவை போடுவார்கள். பின்சீட்டில் இருந்து நீங்கள் இறங்குவீர்கள். பரிவட்டம் உங்கள் தலையில். சாமியே தேர்ந்தெடுத்த வண்டி, வண்டியே தேர்ந்தெடுத்த பெரியப்பா. மிச்ச நாளெல்லாம் அய்யனாருக்கு எதிராக அந்த ஸ்டியரிங்கை வலப்பக்கம் இழுத்துப் பிடித்தபடி திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் மதுரை ஆஸ்பத்திரிக்கும் நம்மைக் கொண்டுபோவது இருளப்பசாமி அண்ணனின் தோள்பட்டை. மரியாதை உங்களுக்கு, இழுவை அவருக்கு.

எனவே நான் இருளப்பசாமி அண்ணனையே ஓட்டச் சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். உங்களைக் கேட்கவில்லை. அம்மா வாசலை மறித்து நின்று, "அடியே, அவுக வந்து கேட்டா நான் என்னடி சொல்லுவேன்?" என்றார். "சாமி இழுத்துட்டுப் போச்சுன்னு சொல்லுங்கம்மா. அவுகளுக்குப் பழக்கமான பதில்தான்" என்றேன். அம்மா சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டு வழிவிட்டார். இதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

பாளையம்பட்டி தாண்டி மெயின் ரோட்டில் முகம்மது சுல்தான் பாய் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறார். ரியாத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ரியாத்தில் வேலை பார்த்தவர் என்பது போர்டில் இல்லை. ஆனால் வண்டி நிற்பதற்குள் அவரே சொல்லிவிடுவார். கம்ப்யூட்டர் மெஷினைப் பார்ப்பது அவர் மனைவி ஷம்சாத் பேகம். இருவரும் பேசிக்கொள்வதைக் கேட்க டிக்கெட் போடலாம். அந்தம்மா நம் வண்டியின் பெயரைத் தேடி மவுஸை உருட்டிக்கொண்டே போனார். புதிதாக வந்த கார், நேற்று வந்த கார், நாளை வரப்போகிற கார் எல்லாம் இருந்தன.

"ஏங்க, இதுல அம்பாசடரே இல்லியே."

"அது பொறந்தப்ப இந்தக் கம்ப்யூட்டருக்கு அப்பனே பொறக்கல. ரியாத்துல ஒரு ஷேக்கு, பழைய வண்டியாவே முப்பது வச்சிருந்தாரு, ஒரு வண்டி கூட லிஸ்ட்ல கிடையாது, எல்லாம் இந்தக் கைதான்…"

"அந்த ஷேக்கு இப்ப எதுல போறாரோ, பாவம். குனிஞ்சு அடியில பாருங்க முதல்ல."

பாய் குனிந்து பார்த்தார். பிறகு படுத்துப் பார்த்தார். வெளியே வந்தபோது முகத்தில் இருந்த ரியாத் போய்விட்டது. இடது முன்சக்கரத்தைத் தாங்குகிற ஆர்ம் வளைந்திருக்கிறது, அதனால் சக்கரமே சாய்ந்து நிற்கிறது, ரப்பர் புஷ்ஷெல்லாம் தேய்ந்து மாவாகியிருக்கிறது என்றார். "இது எப்பவோ எங்கயோ பலமா இடிச்ச வண்டி. எங்க இடிச்சுச்சு?"

இருளப்பசாமி அண்ணன் தரையைப் பார்த்தார். நான்தான் முழுக் கதையையும் சொன்னேன்: பாலம், மழை, அய்யனார், பரிவட்டம். பாய் கையில் இருந்த ஸ்பானரை மெதுவாக டேபிளில் வைத்தார்.

"தங்கச்சி, மன்னிச்சுக்கோ. இது வண்டி விவகாரம் இல்ல, சாமி விவகாரம். நாளைக்கு உங்கூர்ல நாலு பேரு, 'ஒரு பாய் போயி நம்ம அய்யனாரு கைய எடுத்துவிட்டான்'னு பேசுவாங்க. அப்புறம் அது வாட்ஸப்புல வரும். இருக்கிற காலத்துல எனக்கு எதுக்கு இது? வண்டியை எடுத்துட்டுப் போயிரும்மா."

அவர் பயந்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நம்மூரிலேயே அந்த நாலு பேர் யார் யார் என்று எனக்குப் பெயரோடு தெரியும். ஒருவர் நம் வீட்டில்தான் சாப்பிடுகிறார். அப்போதுதான் இருளப்பசாமி அண்ணன் முன்னால் வந்தார். வலது கையைத் தூக்கிக் காட்டினார். கை நெஞ்சு உயரம் வரை வந்து அங்கேயே நின்றது. "இதுக்கு மேல போகாதுங்க பாய். சட்டை மாட்டுறது எம் பொண்டாட்டிதான். பொங்கலன்னிக்கு மட்டும் மாத்திரையைப் போட்டுட்டு ரெண்டு கையையும் தூக்கிருவேன்" என்றார்.

ஷம்சாத் பேகம் கம்ப்யூட்டர் முன்னால் இருந்து எழுந்தார். "ஏங்க, கோணலா இருக்குன்னு கண்ணால பாத்துட்டீக. பாத்துட்டு அப்படியே அனுப்பி, நாளைக்கு அந்த ரோட்டுல எவனாவது செத்தா அது எந்தச் சாமி கணக்கு? நம்ம கணக்கு. ஜாக்கியைப் போடுங்க." பாய் ஜாக்கியைப் போட்டார்.

பெரியப்பா, அடுத்து நடந்ததை நான் வேறு யாருக்கும் சொல்லிப் புரிய வைக்க முடியாது. உங்களுக்கும் முடியாதுதான், ஆனாலும் கேளுங்கள். வளைந்த ஆர்மைக் கழற்றித் தரையில் போட்டார்கள். உங்கள் பரிவட்டத்துக்கு எல்லாம் காரணமான அய்யனாரின் கை, ஒரு முழ நீள இரும்பு, கிரீஸில் குளித்துக் கிடந்தது. "இதை வச்சுக்கிட்டு அலைன்மென்ட் பாக்குறது, சாஞ்ச செவுத்துல படத்தை நேரா மாட்டுற மாதிரி" என்றார் பாய். மாற்று ஆர்ம் காரியாபட்டியில், உடைக்கப் போட்டிருந்த இன்னொரு அம்பாசடரில் கிடைத்தது. அது எந்த வீட்டு வண்டி என்று எழுதமாட்டேன். எந்தப் பங்காளியோடு நீங்கள் வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்தினீர்களோ அவர் வீட்டு வண்டி என்று தெரிந்தால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் எழுதவில்லை.

பிறகு சக்கரங்களை நேர் பார்த்தார்கள். மெஷினில் பெயர் இல்லை என்பதால், வேண்டிய அளவைப் பாய் வாயால் சொல்ல ஷம்சாத் பேகம் கையால் தட்டிப் போட்டார். அதையும் நம்பாமல், சுவர் கட்டப் பிடிக்கிற நூலைப் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை இழுத்துப் பிடித்து இரண்டாவது தடவை பார்த்தார் பாய். "நூலு வேணாம், ஸ்கிரீனைப் பாருங்க" என்று அந்தம்மா கத்த, "ஸ்கிரீனுக்குக் கண்ணு இருக்கா?" என்று இவர் அடியில் இருந்து கத்த, கடைசியில் நூலும் ஸ்கிரீனும் ஒரே பதிலைச் சொன்னபோது இருவருமே கொஞ்சம் ஏமாந்த மாதிரிதான் தெரிந்தார்கள். முன்சக்கரம் எப்படி இருக்க வேண்டும் என்று நான் கேட்டேன். "புருசன் பொண்டாட்டி மாதிரி இருக்கணும் தங்கச்சி. மொறச்சுக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பவும் கூடாது, ஒண்ணு மேல ஒண்ணு விழவும் கூடாது. லேசா, தெரியாத மாதிரி, உள்ளாற பாத்து நிக்கணும்." உடனே அந்தப் பக்கம் இருந்து: "கல்யாணமாகி இத்தனை வருசத்துல எங்கிட்ட இதைச் சொன்னதில்ல, வண்டிகிட்ட சொல்றாரு பாரு."

இந்த வண்டியை நான் சின்ன வயசிலிருந்து வெறுத்தேன், பெரியப்பா. அதன் வெள்ளைப் பெயின்ட், உருண்டை முதுகு, யார் முன்சீட்டு யார் பின்சீட்டு என்கிற சட்டம், காலனி வழியாகப் போகும்போது மட்டும் நீங்கள் கண்ணாடியை ஏற்றுவது, எல்லாவற்றையும் சேர்த்து. அன்று ஜாக்கியில் ஏறி நின்ற அதன் அடிவயிற்றைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தப்பு அதனுடையது இல்லை. அது நேராகப் போகத்தான் செய்யப்பட்டிருக்கிறது. ஒரு கால் ஒடிந்தும் ஒரு நாள் கூட நம்மைப் பாதி வழியில் விடவில்லை. வண்டிக்கு ஒரு கும்பிடு. அதைத் தாங்கிய தோளுக்கு இரண்டு. பாய்க்கும் அந்தம்மாவுக்கும் எத்தனை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இறக்கிவிடும்போது பாய் சொன்னார்: "இனிமே இந்த வண்டிக்குச் சொந்தப் புத்தி கிடையாது. கையை விட்டா ரோடு எங்க சாயுதோ அங்கதான் போகும்."

திரும்பி வரும்போது முதலில் வண்டி வலப்பக்கமாகவே ஒதுங்கிக்கொண்டு போனது. எதிரே வந்த ஷேர் ஆட்டோக்காரர் என்னையும் சேர்த்துத் திட்டினார். வண்டி கோளாறு இல்லை. இருளப்பசாமி அண்ணனின் கை பழக்கத்தில் இழுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, இழுக்காதீக. சும்மா விடுங்க."

"விட்டா போயிருமே தாயி."

"போகாதுண்ணே. விட்டுப் பாருங்க."

விட்டார். பருத்திக் காடும் சீமைக்கருவேலமும் இரண்டு பக்கமும் ஓட, கரிசலுக்கு நடுவே கோடு போட்ட மாதிரி கிடந்த ரோட்டில் வண்டி அம்பாகப் போனது. அவர் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கையை அந்த வண்டியில் மடியில் பார்த்தது அதுவே முதல் தடவை. ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்: "வண்டி ஓட்டுற மாதிரியே இல்ல தாயி. சும்மா உக்காந்திருக்க மாதிரி இருக்கு. இதுக்குச் சம்பளம் குடுப்பாகளா?"

ஆகவே பெரியப்பா, தெரிவிப்பது என்னவென்றால்: குதிரையின் காலை முறித்தது குடியும் இல்லை, அய்யனாரும் இல்லை, நீங்கள் பாலத்தில் வளைத்த இரும்பு. இருளப்பசாமி அண்ணன் வேலையில் இருப்பார். பொங்கலன்று கண்மாய் முக்கில் அவர் கையை விடமாட்டார். எல்லா டிரைவரையும் போல ஸ்டியரிங்கைத் திருப்பி இடப்பக்கம் போவார். சாமிக்கு இதில் வருத்தம் இருக்காது. இத்தனை வருடம் இருபது மூட்டை எடையுள்ள வண்டியை இழுத்தவருக்கும் ஓய்வு வேண்டும். பரிவட்டம் யாருக்கு என்று ஊர் கூடிப் பேசட்டும். நம் வீட்டில் இனிமேல் ஒரு விஷயத்துக்குக் காரணம் கேட்டால் காரணத்தைச் சொல்வோம்.

பெரியம்மாவுக்கும் மதினிக்கும் என் அன்பு. பாண்டிராஜ் அண்ணனுக்கும். உங்கள் முழங்கால் சீக்கிரம் நேராகட்டும். நேராவதில் ஒரு சுகம் இருக்கிறது என்று அம்பாசடர் சொல்லச் சொன்னது. பெரியவர்கள் ஆசி தர மனமிருந்தால் தரலாம், இல்லாவிட்டாலும் வாங்கிக்கொண்டதாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி மகள்,
அனுசியா.

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று எழுதினேன். தபாலில் போடுவதற்குள் இன்று காலை ஒன்று நடந்துவிட்டது. பொங்கலுக்கு முகூர்த்தக்கால் ஊன்றுகிற நாள் இன்று. வழக்கம்போல் கம்பை அம்பாசடரின் தலையில் கட்டி, மஞ்சள் பூசி, ஊரே பின்னால் வர, கண்மாய் முக்குக்குப் போனோம். ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பிவிடுங்கள் என்று இருளப்பசாமி அண்ணனிடம் சொல்லித்தான் வைத்திருந்தேன். ஊர் விடவில்லை. "கையை விடு!" என்று ஒரே சத்தம். அவர் இரண்டு கையையும் தூக்கினார். மாத்திரை போடாமல் தூக்கினார். சில நாளாக இழுவை இல்லாத வலது கையும் தலைக்கு மேல் போனது. வண்டி இடப்பக்கம் திரும்பவில்லை. ஒரு கணம் நேராகப் போய், பிறகு வலப்பக்கமாகச் சாய்ந்து, சரிவில் இறங்கி, காலனிக்குள் போய், முனியாண்டி கோயில் முன்னால் மெதுவாக நின்றது. காலனியை எங்கே வைத்தீர்கள் பெரியப்பா? கண்மாய்த் தண்ணீர் தேங்குகிற பள்ளத்தில். நேராகிவிட்ட வண்டி வேறு எங்கே போகும்?

ஊர்சனம் முக்கிலேயே நின்றுவிட்டது. முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. கம்பு வண்டியின் தலையில் இருந்தது. சாமி இழுக்கவில்லை என்று சொன்னால் இத்தனை வருடம் இழுத்தது யார் என்ற கேள்வி வரும். அதனால் யாரும் சொல்லவில்லை. முதலில் சரிவில் இறங்கியது யார் தெரியுமா? அம்மா. கையில் சூடத்தட்டு. பின்னால் பெண்கள் எல்லாரும். கடைசியில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓட்டு கேட்கவும் களையெடுக்க ஆள் கூப்பிடவும் தவிர அந்தத் தெருவில் கால் வைக்காத நம் பெரிய மனிதர்கள். முனியாண்டி கோயிலில் பரிவட்டம் கிடையாது. அங்கிருந்த ஒருவர் தன் தோளில் கிடந்த துண்டை உதறி இருளப்பசாமி அண்ணன் தலையில் கட்டிவிட்டார். நான் கூட்டத்தில் நுழைந்து போய், "என்னண்ணே, பழக்கத்துல கை வலப்பக்கம் இழுத்துருச்சா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"சாமி இழுத்தா நம்ம என்ன தாயி செய்ய முடியும்?"

ஆகவே மேலே நான் எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். நான் வண்டியை எங்கும் கொண்டுபோகவில்லை. எந்தப் பாயும் எதையும் தொடவில்லை. ஆர்ம் என்று ஒன்று வண்டியில் கிடையாது. சாமிதான் இழுத்தது. இல்லை, இரும்புதான் என்று நீங்கள் நினைத்தால், பாலத்தில் இழுத்ததும் இரும்புதான் என்று அடுத்த ரயிலில் வந்து ஊரைக் கூட்டி நீங்களே சொல்லலாம். இரண்டில் எது என்று யோசித்துப் போன் செய்யுங்கள், வைக்காமல் கேட்கிறேன். எதைச் சொன்னாலும் வண்டியை எடுத்துக்கொண்டு உங்களைக் கூப்பிட மதுரை ஸ்டேஷனுக்கு வரப்போவது இருளப்பசாமி அண்ணன்தான். முன்சீட்டில் உட்காருங்கள். அவர் வலது கை மடியில் இருக்கும், பயப்பட வேண்டாம்.